இரண்டு அங்குலம் பெரிய கதவு

போன மாதம், ஒரு புதன்கிழமை காலையில், ஒரு கதவு என் வீட்டுக்குள் வர மறுத்துவிட்டது.

தேக்குக் கதவு. நல்ல கதவு. நான்கு பேர் தூக்கி நிறுத்தித் தள்ளிப் பார்த்தோம். சாய்த்துப் பார்த்தோம். கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் இறக்கி... ம்ஹும். விருந்துக்குச் சரியாக அழைக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல வாசலிலேயே விறைத்துக்கொண்டு நின்றது.

நான் வீடு கட்டுவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்பக்கம், புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்று. எங்கள் வரிசையில் ஆறு வீடுகள் எழும்புகின்றன. முதலில் கூரை போட்டது என் வீட்டுக்குத்தான். அதனால் மற்ற ஐந்து மனைக்காரர்களும் சாயங்காலமானால் என் வீட்டைப் பார்க்க வந்துவிடுவார்கள். சுவரைத் தட்டுவார்கள். குழாயைத் திருகுவார்கள். என் வீட்டில் எது சரியாக வருகிறதோ அதைத் தங்கள் வீட்டிலும் செய்வார்கள். எது சொதப்புகிறதோ அதைச் செய்த ஆளைத் தங்கள் மனைப் பக்கமே விடமாட்டார்கள். இலவசமாக ஒரு பரீட்சைக்கூடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

கதவு எப்படி முரண்டு பிடித்தது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அதை வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் வேலூர் ரோட்டில் ஒரு மரக்கடைக்குப் போனோம். நான், என் மனைவி சரோஜா, அவளுடைய அண்ணன், தச்சு வேலைக்கு நாங்கள் பேசியிருந்த ஏழுமலை ஆசாரி.

என் மச்சானுக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். ஆள் வாட்டசாட்டம். குரல் ஆளைவிட வாட்டசாட்டம். நான் பேச வேண்டிய இடத்திலெல்லாம் அவரே பேசிவிடுவார். எனக்கும் அது வசதிதான். தேரடித் தெருவில் இருபத்தேழு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். 'கையைத் தூக்குங்க, திரும்புங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேசச் சொன்னால்தான் சிக்கல்.

கடைக்காரர் ஒரு பலகையை எடுத்துப் போட்டார். "பர்மா தேக்குங்க. கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போலாம்."

மச்சான் அதன் ஓரத்திலிருந்து ஒரு சிராயைப் பிய்த்து வாயில் போட்டுக் கடித்தார்.

கடைக்காரர் பயந்துவிட்டார். "இன்னா சார், மரத்தக் கடிக்கறீங்க?"

"ஈரம் இருக்குதானு பாக்கறேன். மல்லாட்டய அப்பிடித்தான் பாப்போம். கடிச்சா மொறுக்குனு சொல்லணும்."

"இது மரங்க."

"எதுவா இருந்தா இன்னா? காஞ்சிதா இல்லயானு பல்லு சொல்லிடும்."

அந்தப் பக்கம் சரோஜா கட்டைவிரல் நகத்தால் பலகையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் கத்தரிக்காய் முற்றலா என்று பார்க்கிற அதே அழுத்தல். சரி, நான் மட்டும் சும்மா இருந்தேனா? உள்ளங்கையால் பலகையைத் தடவி, நூலோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். மரத்தில் ஏது நூல்? ஆனால் என் கைக்கு அதுதான் தெரியும்.

ஏழுமலை ஆசாரி ஓரமாக நின்றார். ஒல்லி மனிதர். அடி அண்ணாமலையில் சொந்தப் பட்டறை. நாங்கள் மூன்று பேரும் எங்கள் பரிசோதனைகளை முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பலகையின் ஒரு முனையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். அப்புறம் குனிந்து அதன் வெட்டு முனையைப் பார்த்தார்.

"மொகத்த பாத்து ஏமாறாதீங்க டைலரே. மேல பாலிஷ் அடிச்சா எல்லாமே தேக்குதான். வெட்டு முனையப் பாருங்க. வளையம் நெருக்கமா இருக்கணும். ஓரத்துல வெள்ளயா இருக்குது பாருங்க, அது பூச்சிக்கு விருந்து. இதுல பாதி வெள்ளதான்."

"பர்மானு சொல்றாரே?" என்றார் மச்சான்.

"பேரு பர்மாவா இருந்து இன்னா பண்றது? அந்த மூலயில நிக்குது பாருங்க, நாட்டுத் தேக்கு. கணு கம்மி, வெடிப்பு இல்ல. அது ஜாஸ்தி ஒழைக்கும்."

கடைக்காரர் முகம் சுருங்கியதை வைத்தே அது உண்மை என்று புரிந்துகொண்டோம்.

வாசல் கதவுக்கு நாட்டுத் தேக்கு. உள் அறைகளுக்கும் ஜன்னல்களுக்கும் வேம்பு. கரையான் வாய் வைத்தால் கசந்து ஓடிவிடுமாம். குளியலறைக்கு மட்டும் பிளாஸ்டிக் கதவு, தண்ணீர் பட்டால் மரம் உப்பிக்கொள்ளும் என்பதால். கீல் வாங்கும்போதுதான் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்று ஏழுமலை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கதவின் மொத்த பாரமும் அந்த மூன்று துண்டு இரும்பில்தான் தொங்குகிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கதவுக்கு ஆயிரம் கடை ஏறி இறங்கிவிட்டு, கீலை 'அப்படியே ஒரு டஜன் போடுங்க' என்று வாங்கி வருகிறோம்.

ஜன்னல் விஷயத்தில் எங்கள் ஊர் நிலைமை வேறு. மற்ற ஊர்களில் காற்றை நினைத்து ஜன்னல் வைப்பார்கள். நாங்கள் குரங்கை நினைத்து வைப்போம்.

"கம்பிக்குக் கம்பி அஞ்சு அங்குலம் வுடலாம். காத்து ஜிலுஜிலுனு வரும்" என்றார் மச்சான்.

"காத்து வரும். பின்னாலயே குட்டி வரும்" என்றார் ஏழுமலை. "குட்டி உள்ள பூந்து, தாழ்ப்பாளத் தெறந்து வுட்டு, ஆத்தாளக் கூப்புடும்."

"சும்மா சொல்லாதய்யா."

"மலயடிவாரத்துல குடியிருக்கறவன் நானு. கீழ்பென்னாத்தூர் கொரங்குக்கு ஒருவேள அந்தளவுக்கு வெவரம் பத்தாதோ இன்னாவோ."

சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தன் அண்ணனை ஒருவர் மடக்கியதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்க வேண்டும். கம்பி இடைவெளி மூன்று அங்குலம் என்று முடிவாயிற்று.

திரும்பும் வழியில் டீ குடிக்க நின்றோம். ஏழுமலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டைலரே, இதுவரைக்கும் நான் கட்டிலு, பெஞ்சு, பௌர்ணமிக்கு மலை சுத்த வர்ற கூட்டத்துக்குக் கடை போடறவங்களுக்குப் பலகை — இதான் செஞ்சிருக்கறேன். முழு வீட்டுக் கதவு ஜன்னலு எடுத்துச் செய்யறது இதான் மொத தபா. உங்க வீட்டக் காட்டித்தான் அந்த வரிசையில மத்த அஞ்சு வீட்டயும் புடிக்கணும். நல்லா வந்துட்டா எனக்கு ரெண்டு வருசத்துக்குக் கவல இல்ல. அதனால வாசக்கதவுல ரெண்டு ஓரமும் ஒரு பூங்கொடி செதுக்கித் தரேன். கூலி வேணாம். அது என் ஆசைக்கு."

 தலையாட்டினேன்.

அடுத்தது அளவு.

நிலைச் சட்டங்களைக் கொத்தனார் முன்பே நிறுத்தியிருந்தார். அவற்றுக்குள் உட்காரும் கதவுகளை ஏழுமலை தன் பட்டறையில் செய்து கொண்டுவந்து மாட்டுவதாக ஏற்பாடு. அளவு எடுக்க அவர் வர வேண்டிய நாளில் காலில் ஒரு கட்டை விழுந்துவிட்டது. பாதம் வீங்கி, பஸ் ஏறி, நொண்டிக்கொண்டே என் கடைக்கு வந்தார்.

"நாலு நாளு பொறுங்க டைலரே. வீக்கம் வடிஞ்சதும் வந்து அளந்துக்கறேன். இந்தக் காலோட ஏணி மேல ஏற முடியல."

அப்போதுதான் எனக்கு வீரம் வந்தது. வாழ்க்கையில் எப்போதாவது வரும். வரக் கூடாத நேரம் பார்த்து வரும்.

"நீங்க எதுக்கு வரணும்? நான் எடுத்துத் தரேன் அளவு."

"இல்ல டைலரே, அது நானே..."

"ஆசாரி, இருவத்தேழு வருசமா ஊரயே அளந்துட்டேன். அசையாம நிக்கற ஒரு கதவ அளக்க மாட்டனா? மனுசனாவது மூச்ச இழுத்துப் புடிச்சி ஏமாத்துவான்."

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நான் தைத்த சட்டை. தோள்பட்டையில் சுருக்கமில்லாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. "உங்க அளவ சந்தேகப்பட்டா சாமி கண்ணக் குத்தும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கில் பெரிய ஆள் இல்லை. ஆனால் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுவிட்டால் எனக்கு யாரைக் கண்டும் கூச்சமில்லை. மறுநாள் வீடு முழுக்க அளந்தேன். வாசல், மூன்று உள் அறைகள், ஆறு ஜன்னல்கள். காதில் பென்சில். சீட்டில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். கீழே கோடு போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தனுப்பினேன். இவ்வளவு சுத்தமாக ஒரு சீட்டை என் கடையில்கூட நான் எழுதியதில்லை.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமையே கிரகப்பிரவேசம். பத்திரிகை கொடுத்தாயிற்று. டயர் மாட்டு வண்டியில் கதவுகள் வந்து இறங்கின. எங்கள் வரிசையின் கடைசி மனைக்காரர் வந்துவிட்டார். கலெக்டர் ஆபீஸில் கிளார்க். எதையும் பக்கத்தில் போய்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார். மற்ற மனைக்காரர்களில் மூன்று பேரும் வந்திருந்தார்கள். சரோஜாவும் நின்றிருந்தாள். மச்சான் வராமல் இருப்பாரா?

வாசல் கதவைப் பார்த்ததும் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டார்கள். இரண்டு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக ஒரு கொடி. இலைக்கு இலை, பூவுக்குப் பூ. ஒவ்வொரு பூவும் ஐந்து இதழ்.

"பிரமாதம்" என்றார் கிளார்க். ஏழுமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையே இல்லாத முகம் அது.

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன கூத்து. கதவு உள்ளே போகவில்லை. சரி, ஜன்னலைப் பார்ப்போம் என்றால் ஜன்னலும் போகவில்லை. உள் அறைக் கதவும் போகவில்லை. ஒன்று போகவில்லை என்றால் தவறு எனலாம். பத்தும் போகவில்லை என்றால்?

மச்சான் டேப்பைப் பிடுங்கி அளந்தார். "நில முப்பத்தெட்டு. கதவு நாப்பது." ஜன்னலுக்கு ஓடினார். "இது இருவத்திரண்டு. கதவு இருவத்திநாலு." மூன்றாவது, நான்காவது... எல்லாவற்றிலும் அகலத்தில் இரண்டு அங்குலம் கூட.

"இன்னாய்யா இது? வீட்டுக்குக் கதவு செஞ்சியா, கதவுக்கு வீடு கட்டச் சொல்றியா?"

"சீட்டுல இருக்கற அளவுதாங்க" என்றார் ஏழுமலை.

"எங்க சீட்டு?"

"பட்டறயில மாட்டியிருக்குது."

"இப்ப சொல்லு பட்டறயில இருக்குது, பரண்ல இருக்குதுன்னு! கட்டிலு செய்யற ஆளுக்கிட்ட வீட்டக் குடுத்தா இப்பிடித்தான். வெள்ளிக்கெழம நூறு பேரு வரான். கோணியக் கட்டியா கிரகப்பிரவேசம் பண்றது?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். "டைலரே, நீங்க சொல்லுங்க."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் தொழிலில் உடம்பு அளவு வேறு, சீட்டில் எழுதும் அளவு வேறு. இடுப்பு முப்பத்திரண்டு என்றால் முப்பத்துநாலுக்கு வெட்டுவோம். தையலுக்குள் போகிற துணி, பின்னால் பிரித்து விடுவதற்கான துணி... எல்லாம் சேர்த்து இரண்டு அங்குலம். அளந்ததை அளந்தபடி எந்த டைலரும் எழுத மாட்டான். எழுதினால் மூச்சு விட்டதும் சட்டை கிழியும். இருபத்தேழு வருடமாகக் கண் முப்பத்தெட்டைப் பார்க்கும், கை நாற்பதை எழுதும். அந்தக் கைக்குக் கதவு என்று தெரியுமா, காற்சட்டை என்று தெரியுமா?

ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன் என்றேனே — இரண்டு முறையும் அதே இரண்டு அங்குலத்தைச் சேர்த்துத்தான் சரிபார்த்திருக்கிறேன்.

ஏழு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. வார்த்தை வரவில்லை.

"அவர எதுக்குக் கேக்கற? அவரே பாவம், இடிஞ்சி போயி நிக்கறாரு" என்றார் மச்சான். "நீ வண்டிய எடு. நாளைக்குப் பத்து மணிக்கு நான் வேற ஆளக் கூட்டியாறேன்."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்கூட இவர்கிட்டயே குடுக்கலாம்னு இருந்தேன். நல்லவேள" என்று பக்கத்து மனைக்காரரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

ஏழுமலை வண்டிக்காரரைக் கூப்பிட்டு வாசல் கதவை மட்டும் ஏற்றிக்கொண்டு, அதன் மேல் தன் துண்டைப் போர்த்திவிட்டு, இன்னும் முழுதாக ஆறாத காலைச் சாய்த்துச் சாய்த்து வண்டியின் பின்னாலேயே நடந்து போனார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கூச்சத்தால் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். கூச்சம் பாதிதான். மீதி, மச்சானிடம் பயம். அதற்குமேல், 'டைலர் அளவு தப்பு' என்று ஊர் பேசுமே என்ற பயம்.

சாப்பிடும்போது சரோஜா சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அந்த ரெண்டு அங்குலம் உங்களுதுதானே?"

அவள் என் கடையில் பத்து வருடம் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்தவள். என் சீட்டை என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

"ம்" என்றேன்.

"அப்பவே தெரிஞ்சிது. நான் சொல்லியிருப்பேன். ஆனா நான் சொன்னா அது நான் சொன்னதாத்தான் இருக்கும். அந்த மனுசன் உங்க வாயத்தான பாத்துக்கிட்டு நின்னாரு."

அன்று சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போய்விட்டேன். ஏழுமலை பட்டறையில் பெஞ்சின் மேல் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஆணியில் என் சீட்டு. என் கையெழுத்தோடு, கோடு போட்டு, அழகாக.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. "ஆசாரி, அளவு என்னுது" என்றேன்.

"தெரியும் டைலரே. நேத்து வந்ததுமே சீட்டப் பாத்துட்டேன். நாப்பதுன்னுதான் போட்டிருக்குது."

"அப்பறம் ஏன் அதை எடுத்தாந்து மச்சான் மூஞ்சில காட்டல?"

அவர் கதவின் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டினார். "காட்டலாம். நாலு பேரு நடுவுல, 'டைலருக்கு அளவு எடுக்கத் தெரியல'ன்னு ஆயிடும். எனக்குக் கட்டிலு, பெஞ்சு இருக்குது. உங்களுக்கு அந்த டேப்ப வுட்டா வேற இன்னா இருக்குது?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "செய்யறப்ப சந்தேகமே வரலியா?"

"வந்துச்சு. கதவு கொஞ்சம் பெருசாத் தெரியுதேனு ஒரு எண்ணம். அப்பறம், டைலரு அளவாச்சேனு வுட்டுட்டேன்."

சீட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் வைத்தேன். "ஏறுங்க சைக்கிள்ல."

"எங்க?"

"வேங்கிக்கால். பத்து மணிக்குள்ள போயிடணும்."

எங்கள் வரிசை முனையில் ஒரு டீக்கடை உண்டு. மனைக்காரர்கள் எல்லோரும் ஆபீஸ் போகும் முன் அங்கேதான் நிற்பார்கள். அன்று மச்சானும் நின்றார், கையில் டீயோடு. முந்தின நாள் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் கதவு இரண்டு அங்குலத்திலிருந்து நான்கு அங்குலம் பெரிதாகியிருந்தது.

சைக்கிளை நிறுத்தினேன். என் பின்னால் ஏழுமலை நொண்டியபடி இறங்கினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"அளவு நான் குடுத்தது. ஆசாரி மேல தப்பு இல்ல" என்றேன்.

"இன்னா?" என்றார் மச்சான். பாய்லர் சத்தம் ஒரு பக்கம், என் குரல் ஒரு பக்கம். யாருக்கும் கேட்கவில்லை.

மறுபடி சொன்னேன்.

"இன்னா மாப்ள, வாயிலயே மெல்லற? சத்தமா சொல்லு!"

செய்த தவறை ஒருமுறை ஒப்புக்கொள்வதே எவ்வளவு கஷ்டம்? எனக்கு மூன்று முறை. மூன்றாவது முறை எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, நான் கத்தியதில் டீக்கடைக்காரர் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்.

"அளவு எழுதுனது நான்! தையலுக்கு ரெண்டு அங்குலம் விட்டு எழுதிட்டேன்! எல்லாக் கதவுக்கும்! இந்தா சீட்டு!"

 மச்சான் சீட்டை வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தார். "எழுத்து ஒன்னுதுதான்" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

கிளார்க்தான் முதலில் பேசினார். நான் தைத்துக் கொடுத்த தன் பேண்ட்டைக் குனிந்து பார்த்தபடி, "அப்ப... இதுலயும் ரெண்டு அங்குலம் விட்டிருக்கீங்களா டைலர்?"

"ஆமா சார். உள்ள மடிச்சித் தைச்சிருக்குது."

"எதுக்கு?"

"பின்னால ஒடம்பு போட்டா பிரிச்சி விட்டுக்கலாம்."

"கதவுக்கு ஒடம்பு போட்டா பிரிச்சி வுடற வித்தய இன்னும் எவனும் கண்டுபுடிக்கல டைலரே" என்றார் ஏழுமலை, பின்னாலிருந்து.

ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் எல்லோரும். டீ சிந்தியது. நானும் சிரித்தேன். முந்தின நாளிலிருந்து நெஞ்சில் குந்தியிருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கிற ஆளும் இல்லை. ஏழுமலையைப் பார்க்காமலேயே டீக்கடைக்காரரிடம், "ஆசாரிக்கு ஒரு ஸ்பெஷல் டீ போடு. சக்கர ஜாஸ்தியா" என்றார். பிறகு அவரே கிளாஸை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். "காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுத்தியா, இல்லயா?" என்று ஒரு அதட்டல் வேறு. கூட்டி வருவதாகச் சொன்ன வேறு ஆளுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வாசல் கதவை மறுபடி வண்டியில் வரவழைத்து, அன்று முழுக்க அறுத்தோம். ஜன்னல்களை வெட்டி இழைப்பது பெரிய பாடாக இல்லை. பெரிதாக இருப்பதைச் சின்னதாக்கலாம். நல்லவேளை, சின்னதாக எழுதுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. வாசல் கதவில்தான் கை நின்றது. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு அங்குலம் எடுக்க வேண்டும். கொடி ஓடுவது அங்கேதான்.

"வேற வழியே இல்லியா?" என்றேன்.

"இருக்குது. செவுத்த இடிக்கலாம்" என்றார். "புடிங்க அந்தப் பக்கம்."

நான் பிடித்துக்கொண்டேன். அவர் ரம்பத்தை வைத்தார். முதல் பூ பாதியாக விழுந்தபோது ஒரு நொடி நிறுத்தினார். பிறகு கடைசிவரை நிறுத்தவில்லை. கீழே குனிந்து அந்தப் பாதிப் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் துண்டில் முடிந்துகொண்டார். என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது கதவு சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரலால் தள்ளினால் திறந்தது. சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கிளார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பத்து முறை திறந்து மூடிப் பார்த்தார். அப்புறம் ஏழுமலையிடம், "எனக்கும் நீங்கதான். அளவு மட்டும் நீங்களே வந்து எடுத்துக்குங்க" என்றார்.

வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். 'ஏன் ஓரத்துல பூவெல்லாம் பாதியா இருக்குது? இது புது டிசைனா?' ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். மச்சான் அப்படித்தான் சொல்லச் சொன்னார். நான் ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். முதல் பத்துப் பேரிடம் திக்கியது. ஐம்பதாவது ஆள் வந்தபோது, எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்பதுகூடப் பிடிபட்டுவிட்டது.

வீடு கட்டுகிற வாசகர்களுக்கு என் பங்குக்குச் சொல்கிறேன். மரத்தின் வெட்டு முனையைப் பாருங்கள். கீலில் சிக்கனம் வேண்டாம். மலையடிவாரமாக இருந்தால் கம்பி இடைவெளி மூன்று அங்குலம். அளவு எடுக்கிற வேலையைக் கதவு செய்கிறவரிடமே விட்டுவிடுங்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேறு தொழில்காரர் கையில் பென்சிலைக் கொடுக்காதீர்கள். அப்படியும் தவறு நடந்துவிட்டால், 'நான்தான்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு ராத்திரி மிச்சமாகும். என்னைக் கேட்டால், சத்தமாகச் சொல்வது நல்லது.

ஏழுமலை ஆசாரிக்கு இப்போது எங்கள் வரிசையில் நான்கு வீட்டு வேலை கிடைத்திருக்கிறது. அந்த நான்கு வீட்டிலிருந்தும் தீபாவளிக்குத் துணி எடுத்தாகிவிட்டது என்று கேள்வி — என் கடைப் பக்கம்தான் இன்னும் யாரையும் காணோம்.